சிறுவிடைக் கோழியின் 21 நாட்கள்

நாட்டுக்கோழி என்ற பலகை தொங்காத சாலை இன்று தமிழ்நாட்டில் அநேகமாக இல்லை. கறிக்கடையில் கிடைக்கிறது, உணவகத்தில் கிடைக்கிறது, முட்டையாக மளிகைக் கடைக்கும் வந்துவிட்டது. ஆனால் இப்படி விற்பவற்றில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்த கலப்பினம். ஒரு பக்கம் அசில் என்ற சண்டைக்கோழியின் ரத்தம் இருக்கும். மறுபக்கம் சீக்கிரம் எடை ஏறும் ஏதாவதொரு சீமைக்கோழியின் ரத்தம். இன்குபேட்டரில் பொரித்து, மின்விளக்குச் சூட்டில் வளர்ந்து, தாய்க்கோழி என்ற ஒன்றைப் பார்க்காமலே சந்தைக்கு வந்துவிடும் கோழிகள் இவை.

இந்தக் கூட்டத்தில் காணாமல் போய்க்கொண்டிருப்பது சிறுவிடை. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் புழக்கடையில் மேய்ந்து, மரக்கிளையில் ஏறி அடைந்து, வைக்கோல் போரின் இடுக்கில் முட்டையிடும் சின்ன உருவக் கோழி அது. அதன் நிறத்தையும் உருவத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதை இனமாகக் காப்பதற்கு வேறு இரண்டு விஷயங்கள் வேண்டும்: பெட்டை அடையில் அமர வேண்டும்; சேவல்களின் எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் பின்னால் சுவையான உயிரியல் இருக்கிறது.

சிறுவிடையும் பெருவிடையும்

தமிழ்நாட்டில் கோழி வளர்ப்பவர்கள் உருவத்தை வைத்து நாட்டுக்கோழியை இரண்டாகப் பிரிப்பார்கள். உயரமான கால், அகன்ற நெஞ்சு, நீண்ட கழுத்து, உடம்போடு ஒட்டிய இறகு என்றால் பெருவிடை. அசில் வகையைச் சேர்ந்த சண்டைச் சேவல்கள் இந்தப் பக்கம். பெட்டை ஒரு கிலோவை ஒட்டியும் சேவல் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும், சுறுசுறுப்பான, கொஞ்ச தூரம் பறக்கவும் தெரிந்த கோழி சிறுவிடை.

சண்டைச் சேவலுக்கு நம் ஊர்களில் இருந்த மதிப்புக்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டில், ஒரு கோழிக்கு எழுத்துப் பொறித்து நடுகல் நட்டிருக்கிறார்கள். சிறுவிடைக்கு யாரும் கல் நடவில்லை. ஆனால் பெருவிடை வளர்ப்பவர்களே தங்கள் விலைமதிப்புள்ள முட்டைகளைச் சிறுவிடைப் பெட்டையிடம்தான் ஒப்படைப்பார்கள். பெருவிடைப் பெட்டைக்கு உடல் கனம். ஏறி இறங்கும்போது முட்டை உடையும். சிறுவிடை இலேசான உடம்போடு பதமாக அமரும். வாத்து முட்டை, வான்கோழி முட்டை, கின்னிக்கோழி முட்டை என்று எதை வைத்தாலும் தன்னுடையதாகவே நினைத்துப் பொரித்துக் கொடுக்கும்.

எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. 2020-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று, தென்மேற்குச் சீனா, வடக்குத் தாய்லாந்து, மியான்மர் பகுதிகளில் வாழும் அதன் ஒரு கிளையினத்தையே நேரடி மூதாதையாகக் காட்டியது. 2022-இல் வெளியான தொல்லியல் ஆய்வின்படி, உறுதியாக வீட்டுக்கோழி என்று சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை, காலம் கி.மு. 1650 முதல் 1250-க்குள். கோழி மனிதரை அண்டியது தினை, நெல் விளைந்த வயல்களின் சிந்திய தானியத்துக்காக என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கோழியின் காலும் தோலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு வடிவம் சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இன்றும் கூவிக்கொண்டிருக்கும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்தே பெரும்பாலும் வந்திருக்க வேண்டும் என்று 2008-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்று உலகெங்கும் மஞ்சள் கால் கோழிகள் இருக்கின்றன. அந்த மஞ்சள், தீபகற்ப இந்தியாவின் காட்டுப் பறவை கொடுத்த சீதனம்.

அடைக்கு வருதல்

பன்னிரண்டு பதினைந்து முட்டை இட்டதும் பெட்டையின் குணம் மாறும். கூட்டை விட்டு எழுந்திருக்காது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். கையை நீட்டினால் கொத்தும். நாளைக்கு ஒரு முறை, கால் மணி நேரம் எழுந்து, அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுவிட்டுத் திரும்ப ஓடிவரும். கோழி அடைக்கு வந்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள்.

இந்த மாற்றத்தை நடத்துவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின் என்ற ஹார்மோன். பாலூட்டிகளில் பால் சுரக்க உதவும் அதே ஹார்மோன், பறவையில் தாய்மையை வேறு விதமாக நடத்துகிறது. ஹைப்போதலாமஸ் சுரக்கும் விஐபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரதக்கூறு புரோலாக்டினைக் கிளப்பிவிடும். புரோலாக்டின் ஏற ஏறச் சூலகம் சுருங்கும், முட்டையிடுவது நிற்கும், பசி அடங்கும். வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து, தோலுக்கு ரத்த ஓட்டம் கூடும். அந்த வெறுந்தோலில்தான் முட்டை சூடு வாங்குகிறது.

இதில் ஒரு வட்டம் இருக்கிறது. வயிற்றுத் தோலில் முட்டை படும் உணர்வே மூளைக்குப் போய்ப் புரோலாக்டினை மேலும் உயர்த்திப் பிடிக்கிறது. முட்டையை எடுத்துவிட்டால் சில நாட்களில் ஹார்மோன் இறங்கிவிடும். அடைக்கோழியைத் தெளிய வைக்கக் கிராமத்தில் அதைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். காற்றுப் புகும் கூடையில் வெறுந்தரையில் கவிழ்ப்பார்கள். வயிறு குளிர்ந்தால், அடியில் மெத்தென்று எதுவும் படாமல் போனால், அந்த வட்டம் அறுகிறது. பண்ணைகளில் கம்பித் தளத்தில் நிறுத்துவதும் இதே காரணத்துக்குத்தான். வான்கோழியில் விஐபிக்கு எதிரான தடுப்பூசி போட்டு அடைக்கு வருவதையே ஆய்வாளர்கள் தடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

முட்டை வியாபாரத்துக்கு அடைக்கோழி நஷ்டம் என்பது எளிய கணக்கு. முட்டையிட இரண்டு வாரம், அடையில் மூன்று வாரம், குஞ்சோடு திரிய இரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு நூறு நாள் ஆகிறது. வருடத்துக்கு மூன்றரைச் சுற்று. சுற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை. ஆக வருடத்துக்கு ஐம்பது முட்டை கிடைத்தால் நல்ல சிறுவிடை. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் நிற்கும் வெள்ளைக் கோழி முந்நூறு முட்டையை எட்டும். அந்தக் கோழியின் முன்னோரான லெகார்னில், அடைக்கு வரும் பெட்டைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து, அந்தக் குணத்தையே ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

அடைக்கு வரும் குணம் ஒரே மரபணுவில் உட்கார்ந்திருக்கும் சங்கதி இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து நடத்துவது. அதனால்தான் கலப்பு ஏறும்போது அரைகுறைத் தாய்கள் வருகின்றன: ஒன்று பத்து நாள் அமர்ந்துவிட்டு எழுந்து போகும், இன்னொன்று பொரித்த குஞ்சையே கொத்தும். இன்குபேட்டரில் பொரிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. இயந்திரத்தில் பிறக்கும் குஞ்சுக்கு, அதன் தாய் அடையில் அமருமா என்ற கேள்வியே எழுவதில்லை. அமரும் பெட்டையின் முட்டையும் அமராத பெட்டையின் முட்டையும் ஒரே தட்டில் ஏறுகின்றன. அதிலும் அமராத பெட்டை அதிக முட்டையிடும் என்பதால், தட்டில் அதன் பங்கே கூடுதல். சில தலைமுறை இப்படிப் போனால் நிறமும் உருவமும் சிறுவிடையாகவே இருக்க, தாய்மை மட்டும் வடிந்திருக்கும்.

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதிகளுக்குரிய கடக்நாத் இங்கே நினைக்கத்தக்கது. தோல், எலும்புறை, உள்ளுறுப்பு எல்லாம் கறுத்த இந்தக் கருங்கோழியின் இறைச்சிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுப்புக்குக் காரணம், நிறமிச் செல்களைப் பெருகச் செய்யும் ஒரு மரபணுப் பகுதி அதன் 20-ஆம் குரோமோசோமில் இரட்டித்திருப்பது. புகழ் பரவியதும் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களிலும் பண்ணைகள் முளைத்தன. கடக்நாத் பெட்டை சரியாக அடை அமராது என்பதால் அது பெரும்பாலும் இயந்திரத்தில்தான் பெருகியது. எண்ணிக்கைக்கு அது போதும். புழக்கடையில் தானே பெருகித் தன்னைக் காத்துக்கொள்ளும் கோழியை அந்த வழியில் பெற முடியாது.

சித்திரையில் முட்டை சேர்ப்பது

காஞ்சிபுரத்திலிருந்து செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றைக் கடந்தால் ஐயங்கார்குளம். அங்கே நடவாவிக் கிணறு இருக்கிறது. படியிறங்கிப் போனால் நிலத்துக்குக் கீழே தூண் மண்டபம்; அதன் நடுவில் கிணறு. சித்திரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் இங்கே எழுந்தருளுவார். அதற்காக மண்டபத்தில் நிற்கும் நீரை முன்கூட்டியே இறைத்துவிடுவார்கள். தரைக்கு மேலே வெயில் காயும் நாட்களில் படியிறங்க இறங்கக் குளிர்ச்சி கூடுவதைக் காலே உணரும்.

அந்தச் சித்திரை வெயில், அடை வைக்க முட்டை சேர்ப்பவருக்குப் பெரிய எதிரி. முட்டை வெளியே வரும்போது அதற்குள் வெறும் ஒற்றைச் செல் இல்லை. கருமுட்டை தாயின் உடலுக்குள் கருவுற்று, வெண்கருவும் ஓடும் சேர்ந்து வெளிவர ஒரு நாளுக்குமேல் ஆகிறது. அந்த ஒரு நாளும் 41 டிகிரிச் சூட்டில் கரு பிளந்துகொண்டே இருக்கும். இட்ட முட்டையை உடைத்தால் மஞ்சள் கருவின் மேல் சின்ன வெள்ளை வட்டம் தெரிகிறதே, அதில் ஏற்கெனவே பல்லாயிரம் செல்கள் இருக்கின்றன.

வெளியே வந்து குளிர்ந்ததும் வளர்ச்சி நின்று, கரு உறங்குகிறது. சுமார் 21 டிகிரிக்குக் கீழே போனால்தான் முழு உறக்கம். அந்த அளவுக்கு மேலேயும் அடைச்சூடான 37.5-க்குக் கீழேயும் முட்டை கிடந்தால் கரு நிற்கவும் செய்யாது, ஒழுங்காக வளரவும் செய்யாது. பாதி வெந்து அடுப்பணைந்த சோற்றை மறுபடி ஏற்றினாலும் பதம் வராததுபோல, அப்படிக் கிடந்த முட்டையை அடைக்கு வைத்தாலும் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே கரு செத்துவிடும். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 33, 34 டிகிரி நிற்கும். குளிர்நாடுகளில் எழுதிய கோழி வளர்ப்புப் புத்தகங்கள், முட்டையை அறை வெப்பத்தில் ஒரு வாரம் வைக்கலாம் என்று சொல்லும். அந்த அறை காஞ்சிபுரத்தில் இல்லை.

இதற்கு மண்பானை நல்ல வழி. நிழலில் ஈரமணல் பரப்பி, அதில் பானையைப் பாதி புதைத்து, உள்ளே சிறிது வைக்கோலோ உமியோ போட்டு, முட்டைகளைக் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, வாயைத் துணியால் கட்டவேண்டும். மணலுக்குத் தினமும் தண்ணீர் தெளித்தால், நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்று வறண்டிருக்கும் கோடையில் இது நன்றாக வேலை செய்யும். ஐப்பசி மழையில் பலன் குறைவு. அப்போது தேவையும் குறைவு. எப்படி வைத்தாலும் ஒரு வாரத்துக்குள் அடைக்கு வைத்துவிடுவது நல்லது. முட்டையைக் கழுவக்கூடாது. ஓட்டின் மேல் காய்ந்திருக்கும் மெல்லிய படலம் கிருமியைத் தடுக்கும் பூச்சு. தண்ணீர் பட்டால் அது போய்விடும்.

அதைவிட நல்ல வழி பருவத்தைத் தேர்ந்தெடுப்பது. தை, மாசியில் அடை வைத்தால் முட்டைக்கும் தாய்க்கும் சூட்டின் தொல்லை இல்லை. சம்பா அறுவடை முடிந்த களங்களில் சிந்திய நெல்லும், வயலில் புழு பூச்சியும் குஞ்சுகளுக்குக் காத்திருக்கும்.

ஓட்டுக்குள் நடப்பது

கோழிக் கருவின் வளர்ச்சியைத் தேதிவாரியாக முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். ஒரே நாளில் அடை வைத்த முட்டைகளை ஒவ்வொரு கட்டத்திலும் உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாளில் ரத்தப் புள்ளி ஒன்று துடிப்பதைக் குறித்தார். இதயம் துடிக்கத் தொடங்குவது இரண்டாம் நாளிலேயே; கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது மூன்றாம் நாளில்.

ஏழாம் நாள் இரவு முட்டையின் அகன்ற பக்கத்தில் கைப்பேசி விளக்கை வைத்துப் பார்த்தால், கரும்புள்ளி ஒன்றைச் சுற்றி ரத்த நாளங்கள் கிளைவிட்டு ஓடுவது தெரியும். ஒன்றும் இல்லாமல் பளிச்சென்று இருந்தால் அது கருக்கூடாத முட்டை. ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடக்கத்திலேயே செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடவேண்டும். விட்டால் கூமுட்டையாக அழுகி வெடித்து, மற்ற முட்டைகளையும் கெடுக்கும்.

ஓடு கெட்டிச் சுவர்போலத் தெரிந்தாலும் அதில் ஏறக்குறைய பத்தாயிரம் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே பிராணவாயு உள்ளே போகிறது. கரியமில வாயுவும் நீராவியும் வெளியே வருகின்றன. 21 நாளில் முட்டை தன் எடையில் எட்டில் ஒரு பங்கை நீராவியாக இழக்கவேண்டும். அந்த இழப்பால்தான் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகிறது. வறண்ட மேல்காற்றில் அதிகம் இழந்தால் குஞ்சு உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஈரம் மிகுந்து குறைவாக இழந்தால் காற்றறை சிறுத்து, குஞ்சு மூச்சுமுட்டும். இன்குபேட்டரில் முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65-க்கு மேல் என்று வைப்பது இதற்காக. இயந்திரத்தில் ஒரு குமிழைத் திருப்பிச் செய்யும் இதைத் தாய்க்கோழி உடம்பை அழுத்தியும் தளர்த்தியும் செய்கிறது.

தாய் அலகாலும் காலாலும் முட்டைகளை நாள் முழுதும் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் கரு ஒரு பக்கச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்கான நாளப் படலம் ஓட்டின் உட்புறம் முழுதும் பரவாது. நடுவில் உள்ள முட்டை ஓரத்துக்கும் ஓரத்து முட்டை நடுவுக்கும் மாறுவதால் சூடும் சமமாகிறது. இதற்குள் குஞ்சு தன் எலும்புக்கான சுண்ணாம்பின் பெரும்பகுதியை ஓட்டிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஓடும் மெலிகிறது, உடைப்பது எளிதாகிறது.

இரண்டாம் பாதியில் கருவே சூட்டை உண்டாக்கத் தொடங்கும். பதினைந்து நாளுக்குமேல் ஆன முட்டைக்கு வெளியிலிருந்து வேண்டிய சூடு குறைகிறது. அதிகச் சூடு எளிதில் கொல்லும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அடை வைத்தவர்கள் கடைசி வாரத்தில் மொத்தமாக இழப்பது இதனால்தான். ஓலை வேய்ந்த, காற்று ஓடும் மூலையே சரி.

இருபதாம் நாள் குஞ்சு அலகால் உட்சவ்வைக் கிழித்து, காற்றறையில் முதல் மூச்சை இழுக்கிறது. அப்போதே உள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்கும். தாயும் தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். அலகின் நுனியில் இருக்கும் சின்ன முட்டைப்பல்லால் ஓட்டை உடைத்து வெளிவரப் பல மணி நேரம் ஆகலாம். பரிதாபப்பட்டு ஓட்டை உரித்துவிடக்கூடாது. சவ்வு நாளங்களில் ரத்தம் வற்றி, மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபட அந்த நேரம் தேவை. உள்ளே போன மஞ்சள் கருதான் குஞ்சுக்கு முதல் இரண்டு நாள் சோறு. முந்திப் பொரித்தது பிந்திப் பொரிப்பதற்காகத் தாயின் இறகுக்குள் பசியில்லாமல் காத்திருக்க முடிவது அதனால்தான்.

கரித்துண்டும் காய்ந்த மிளகாயும்

அடை வைக்கும் கூடையில் தவிடோ மணலோ பரப்பி, அதில் கரித்துண்டு, காய்ந்த மிளகாய், இரும்பு ஆணி போடும் வழக்கம் தமிழ்நாடு முழுதும் இருக்கிறது. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், இரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும் என்பார்கள். கூடையில் கிடக்கும் ஆணி ஓசையையோ அதிர்வையோ தடுக்க வழியில்லை. ஆனால் இடி மழை நாளில் பொரிப்பு குறைவது வெறும் கற்பனை இல்லை. கூடை நனையும், தாய் மிரண்டு எழுந்துபோகும், முட்டை குளிரும். மணலுக்கும் தவிட்டுக்கும் நல்ல காரணம் இருக்கிறது: சூட்டைப் பிடித்து வைக்கும், முட்டை உருளாமல் காக்கும். ஈரம் உறிஞ்சுவதில் கரிக்கும் ஓரளவு பங்கு இருக்கலாம்.

கூரான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பதில் உண்மை இல்லை. பறவையில் குஞ்சின் பாலினத்தைத் தீர்மானிப்பவள் தாய். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. கருமுட்டைக்கு எது போகிறது என்பது ஓடு உருவாவதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஓட்டின் வடிவம் அதற்குப் பின் கருக்குழாயில் அமைவது.

பொரித்த பிறகு

தாயின் இறகுக்குள் ஒதுங்கும் குஞ்சுக்கு விளக்கு வேண்டாம். மூன்று வாரம் வரை தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாத குஞ்சுக்குத் தாய்தான் கூரை. பருந்தின் நிழல் தெரிந்ததும் ஒரு குரல், கரையான் கண்டதும் வேறொரு குரல் என்று அதன் அழைப்புகளைக் குஞ்சு பிரித்துக் கேட்டுப் பழகுகிறது. விளக்கடியில் வளர்ந்த குஞ்சுகளைத் திடீரென்று புழக்கடையில் விட்டால் கீரிக்கும் காக்கைக்கும் இரையாவது இந்தப் பாடம் இல்லாததால்தான்.

ஆனால் தாயால் தடுக்க முடியாத எதிரி ஒன்று உண்டு: வெள்ளைக் கழிச்சல். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டு, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் தலைகாட்டியதால் இந்தியாவில் ராணிக்கேத் நோய் என்று பெயர் பெற்றது. ஒரு தெருவுக்குள் நுழைந்தால் கோழிகள் சில நாட்களில் கூட்டமாகச் செத்துப்போகும். அரிய இனம் ஒன்று ஒரே வாரத்தில் ஓர் ஊரை விட்டு மறைவதற்கு இதுவே போதும். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலடியில் ஊசி என்பது வழக்கமான முறை. தடுப்பூசி போட்ட தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குப் போகும். முதல் சில நாட்களுக்கு அதுவே காவல். அதனால் தாய்க்குப் போடும் ஊசி குஞ்சுக்கும் சேர்த்துப் போடுவதுதான். கால்நடை மருந்தகத்தை அணுகினால் கிராமக் கோழிகளுக்கு இந்த ஊசி கிடைக்கும்.

சேவல் கணக்கு

கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இந்தியக் கோழி இனங்களைப் பதிவு செய்கிறது. அசில், கடக்நாத், தலைச்சேரி, நிக்கோபாரி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பதிவும் ஆராய்ச்சிப் பண்ணையும் அவசியம். ஆனால் ஒரு கோழி இனத்தின் உயிர்ப்பு, அது எத்தனை புழக்கடைகளில் எத்தனை சேவல்களோடு இருக்கிறது என்பதில் இருக்கிறது.

1931-இல் அமெரிக்க மரபியலாளர் சீவல் ரைட் தந்த ஒரு சூத்திரம் இதை எண்ணாக மாற்றும். சேவல் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுக்கவேண்டும். வரும் விடைதான் மரபியல் கண்ணோட்டத்தில் அந்தக் கூட்டத்தின் உண்மையான அளவு. ஒரு சேவலும் பத்துப் பெட்டையும் இருந்தால் 11 கோழிகள். ஆனால் விடை 3.6 மட்டுமே. ஒவ்வொரு தலைமுறையிலும் உறவுக்கூட்டல், அதாவது நெருங்கிய உறவுக்குள் கூடும் அளவு, சுமார் 14 சதவீதம் ஏறும். பெட்டைகளை முப்பதாக ஆக்கினாலும் விடை 3.9-ஐத் தாண்டாது. அதே பத்துப் பெட்டைக்கு இன்னொரு சேவலைச் சேர்த்தால் விடை 6.7 ஆகி, உறவுக்கூட்டல் பாதியாகக் குறைகிறது. இருபது பெட்டைகளை வாங்குவதைவிட ஒரு சேவலை வாங்குவது இனத்துக்கு நல்லது.

உறவுக்குள் கூடினால் கேடு எடுத்த எடுப்பில் தெரியாது. கருக்கூடாத முட்டை கூடும். அடைக்குள் சாகும் கரு கூடும். நோய்க்கு மொத்தமாக விழும். முட்டை கெட்டதற்கு இடியைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில், மூன்று தலைமுறையாக ஒரே சேவலின் வாரிசு நின்றுகொண்டிருக்கலாம்.

கிராமத்தில் இதற்கு மருந்து முன்பே இருந்தது. கோழியை வாரத்துக்கு விடுவார்கள்: பெட்டையை ஒரு வீட்டுக்குக் கொடுத்து, பொரிக்கும் குஞ்சுகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். மகள் வீட்டுக்கு நான்கு குஞ்சு போகும். சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு சேவல் வரும். மரபணுக்கள் ஊர்விட்டு ஊர் போய்வர இந்தக் கொடுக்கல் வாங்கல் போதுமாக இருந்தது. பண்ணைக்குஞ்சை வண்டியில் கொண்டுவந்து விற்கத் தொடங்கியபின் அது குறைந்துபோனது.

அதை ஒழுங்காகத் திரும்பச் செய்யலாம். தலைமுறைக்கு உறவுக்கூட்டல் ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது சூத்திரத்தின் விடை 50-க்குக் குறையக்கூடாது என்பது உலக உணவு, வேளாண் நிறுவனம் இனப் பாதுகாப்புக்குச் சொல்லும் அளவு. பதினைந்து வீடு, வீட்டுக்கு ஒரு சேவல், ஐந்து பெட்டை என்று வைத்துப் போட்டால் விடை சரியாக 50. பெட்டைகள் அந்தந்த வீட்டிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் வளர்ந்த சேவல் மட்டும் வரிசையாக அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலுக்குள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு தங்கும் என்பதால், சேவல் மாறியபின் மூன்று வாரம் வரும் முட்டையைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருவதையே அடைக்குச் சேர்க்கவேண்டும். இனவிருத்திக்கு நிறுத்தும் குஞ்சுகள், 21 நாளும் எழாமல் அமர்ந்து, பொரித்ததைக் காப்பாற்றிய தாயின் குஞ்சுகளாக இருக்கவேண்டும். கறிக்கும் விற்பனைக்கும் வேண்டியதை இன்குபேட்டரில் பொரித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

பதினைந்து வீடு என்பது ஐயங்கார்குளம் போன்ற ஊரில் ஒரு தெருவின் ஒரு வரிசை. இன்குபேட்டருக்கு மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதுவதற்கு முன், அந்த வரிசையில் எத்தனை சேவல் நிற்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.